ஃப்ளைவீலில் எடை சேர்க்கலாம், ஆனால் வெல்டிங் வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் பழைய ஜீப், மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். ஃப்ளைவீலில், அதாவது இன்ஜினின் பின்முனையில் சுற்றும் கனமான இரும்புச் சக்கரத்தில், எடை கூட்டினால் கரடுமுரடான பாதையில் இழுவை அதிகமாகும், உள்ளூர்ப் பட்டறையிலேயே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. முதலில் சொன்னது பாதி தப்பு. இரண்டாவதாகச் சொன்னது முழுத் தப்பு, ஆபத்தும்கூட.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். கோட்டையூரில் இருக்கிறான், இந்த வருஷம்தான் பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கினான். குறிப்பைப் படித்துவிட்டு அன்று மத்தியானமே கியர் பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றி வைத்துவிட்டான். "வேண்டாம்டா, நான் பட்டிருக்கிறேன்" என்றேன். "மாமா, பேப்பர்லயே போட்டிருக்காங்க" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நான் பட்டது என்னவென்று சொல்கிறேன். என்னிடம் இருப்பது ராணுவ ஏலத்தில் வந்த கார்புரேட்டர் ஜிப்ஸி, 1.3 லிட்டர் பெட்ரோல். எங்கள் தென்னந்தோப்பு பள்ளத்தூருக்கு அந்தப் பக்கம், ஒரு கண்மாயைத் தாண்டி இருக்கிறது. கண்மாயில் மிகுந்த தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கமாக ஒரு ஏற்றம் உண்டு, செம்மண்ணும் சரளையுமாக, நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு செம்புறைக்கல் துருத்திக்கொண்டிருக்கும். ஃபோர் வீல் போட்டு, லோவில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை), முதல் கியரில் மெதுவாகப் போனால் முன் சக்கரம் கல்லில் மோதியதும் இன்ஜின் 'டுக்'கென்று நின்றுவிடும். நிற்கக் கூடாது என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் சரளையை வாரி இறைத்துக்கொண்டு துள்ளும், பின்னால் ஏற்றிய தேங்காய் மூட்டையும் துள்ளும். இந்த வண்டிக்கு அது பிறவிக் குணம். பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. மாடலுக்கே (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுப்பது) முழு முறுக்குவிசையான 103 நியூட்டன் மீட்டர் கிடைப்பது நிமிடத்துக்கு 4500 சுற்றில்தான், 80 குதிரைத்திறன் 6000 சுற்றில். கீழே, 900 சுற்றில் அதனிடம் பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கும் ஃப்ளைவீல் ஆசை வந்தது. ஆசை தப்பில்லை, செய்த விதம்தான் தப்பு.

ஃப்ளைவீல் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளப் பழைய ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினை நினைத்துப் பாருங்கள். கிணற்று மேட்டில் இரண்டு பக்கமும் பெரிய சக்கரத்தோடு நிற்குமே, அது. அந்த இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. மற்ற மூன்று வேலைக்கும், அதாவது காற்றை இழுக்க, அமுக்க, புகையைத் தள்ள, சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஓட்டம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டால் இன்ஜின் ஓடவே ஓடாது. நாலு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு, 900 சுற்றில் நொடிக்கு 30 வெடிப்பு, அதனால் சின்னச் சக்கரமே போதும். டீசலில் அமுக்கம் அதிகம், அதனால் அதற்கு முதலிலிருந்தே கனமான சக்கரம் போட்டுத்தான் விடுவார்கள். பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆசையே பெரும்பாலும் வராததற்கு அது ஒரு காரணம்.

இப்போது 'இழுவை கூடும்' என்ற பேச்சுக்கு வருகிறேன். கூடாது, ஒரு நியூட்டன் மீட்டர்கூடக் கூடாது. ஃப்ளைவீல் என்பது வீட்டு இரும்புப் பெட்டகம் மாதிரி, போட்டு வைத்ததை எடுத்துக்கொள்ளலாம், வட்டி கிடையாது. இன்ஜின் லேசாக ஓடும்போது கொடுத்ததை அது கல் வந்து இடிக்கிற அந்த அரை நொடியில் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். நீளமான மணல் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறினால் பெட்டகம் முதல் இரண்டு நொடியிலேயே காலியாகிவிடும், அப்புறம் இன்ஜின் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஏற வேண்டும்.

அந்தப் பெட்டகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 கிலோ எடை, 25 சென்டிமீட்டர் விட்டம் உள்ள தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 சுற்றில் அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 280 ஜூல். ஆட்களோடு 1200 கிலோ இருக்கிற வண்டியை அது மொத்தமாகக் கொட்டினாலும் இரண்டரை சென்டிமீட்டர்கூடத் தூக்காது. விளிம்போரமாக 4 கிலோ வளையம் ஒன்றைச் சேர்த்தால் சுமார் 490 ஜூல், நாலு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். செம்புறைக்கல்லின் முனையைத் தாண்ட அந்த இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் போதும், அதனால் பலன் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எதையும் சேர்க்காமல் சுற்றை மட்டும் 1800 ஆக்கினால் ஆற்றல் நாலு மடங்கு, 1100 ஜூலுக்கு மேல், ஒன்பது சென்டிமீட்டர். சுற்று இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்காகும். எடை அப்படி இல்லை, இரட்டித்தால் இரட்டிப்புதான். குறிப்பு எழுதியவர் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிப் பேர் கியர் பாக்ஸை இறக்கியே இருக்க மாட்டார்கள்.

எடை எங்கே உட்காருகிறது என்பது எவ்வளவு எடை என்பதைவிட முக்கியம். எங்கள் பக்கத்தில் ஐயனாருக்குக் குதிரை செய்கிற வேளார் வீட்டுச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும், கனமெல்லாம் வெளி வட்டத்தில் இருக்கும், நடுவில் ஆரமும் அச்சும்தான். நான் சொன்ன அதே 4 கிலோவை அச்சிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் சுழற்சிக் கனம் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. 5 சென்டிமீட்டரில் வைத்தால் ஆறில் ஒரு பங்குதான் கூடும், வீண் பாரம். ஆனால் விளிம்புக்குப் போகப் போக வெளியே பிய்த்துக்கொண்டு போகும் விசையும் ஏறுகிறது. என் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம், நல்ல மனசோடுதான் செய்து கொடுத்தார்கள்) 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வளையமாக வெட்டி, ஃப்ளைவீலின் பின்பக்கம் எட்டு இடத்தில் வெல்டிங் வைத்தார்கள். பேலன்ஸ் பார்க்கவில்லை. லேத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்து 'நேரா ஓடுது' என்றார்கள், நானும் சரி என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் இரண்டு மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கலுங்குக் கல்லில் வண்டி நிற்கவே இல்லை, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சையும் தொடாமல் நடை வேகத்தில், மணிக்கு 4 கிலோமீட்டர் போல, தானாக ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

தை மாதம் திருமயம் போகிற சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கியர் லீவர் கையில் நமநமவென்று அதிர ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தால் நின்றது, கூட்டினால் வந்தது. இன்ஜின் மவுண்ட் போயிருக்கும் என்று நினைத்து இன்னும் பத்து நாள் ஓட்டினேன். இதைத்தான் இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது, அந்தப் பத்து நாளில் இரண்டு தடவை அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தேன்.

கடைசியில் வேறொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கழற்றிய ஃப்ளைவீலைக் கையில் வாங்கியவர் சுத்தியலால் லேசாகத் தட்டிக் கேட்டார், முகம் மாறியது. ஒன்றும் சொல்லாமல் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து வெல்டிங் வைத்த இடமெல்லாம் துடைத்துக் கால் மணி நேரம் அப்படியே விட்டார். அப்புறம் உலரத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே தடவினார். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைப் பொடியின் மேல் ஈரக் கோடு ஒன்று தானாக எழுந்து வந்தது. வெல்டிங் ஓரத்தில் தொடங்கி, தலைமுடி அகலத்தில், ரிங் கியர் (ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றும் பல் வளையம்) உட்காரும் விளிம்பை நோக்கி இரண்டு விரல் நீளத்துக்கு. மூன்றாவது வெல்டிங்கில் ஒன்று, ஆறாவதில் ஒன்று. ஏழாவது வெல்டிங் விட்டே போயிருந்தது. "அண்ணே, இது கோயிலுக்குப் போன வண்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சாமிதான் காப்பாத்துச்சு" என்றார்.

ஏன் விரிசல் விட்டது என்பதற்கு மர்மம் ஏதும் இல்லை. இந்த வகை ஃப்ளைவீல்கள் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. சாதாரண இரும்புத் தகட்டில் கால் சதவீதம்கூடக் கார்பன் இருக்காது, வார்ப்பு இரும்பில் பெரும்பாலும் மூன்று சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெல்டிங் சூட்டில் அந்த இடம் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ள, ஓரம் கண்ணாடி மாதிரி கடினமாகி உடையும் தன்மைக்கு வந்துவிடுகிறது. ஆறும்போது வெல்டிங் சுருங்கி அதே இடத்தைப் பிடித்து இழுக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு தடவை கிளட்ச் உரசும்போதும் சூடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் குளிர்ச்சி. நிக்கல் ராடு போட்டு, முன்சூடு கொடுத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவைத்தால் ஒட்டுமே என்பார்கள். ஒட்டும், பம்ப்பு உறைக்கும் தையல் மிஷின் காலுக்கும் அது சரி. நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றுகிற ஒன்றுக்கு அதை நம்பாதீர்கள்.

அந்தச் சுற்றில் என்ன இழுவை என்று பாருங்கள். அச்சிலிருந்து 11 சென்டிமீட்டரில் இருக்கும் 100 கிராம் இரும்பு, வெறும் ஒரு நட்டு போல்ட் அளவு, 6000 சுற்றில் வெளியே இழுக்கும் விசை சுமார் 440 கிலோ. 10 கிராம் ஏறுமாறாக இருந்தாலே 44 கிலோ, அதுவும் நொடிக்கு நூறு தடவை திசை மாறி மாறி கிராங்கின் கடைசி பேரிங்கைக் குத்தும். நான் உணர்ந்த அதிர்வு அதுதான். துண்டு கழன்றால் அதைத் தடுக்க இருப்பது ஃப்ளைவீலை மூடியிருக்கும் அலுமினியக் கூடான பெல் ஹவுசிங் ஒன்றுதான், அதற்கு மேலே தகரத் தளம், அதற்கு மேலே ஓட்டுபவரின் இடது கால்.

அப்படியானால் எடை கூட்டவே கூடாதா என்றால், கூட்டலாம், நான் மறுபடி கூட்டியிருக்கிறேன். ஒரே கட்டி எஃகில் கடைந்தெடுத்த கனமான ஃப்ளைவீலே நல்லது. அது கிடைக்காவிட்டால் விரிசல் இல்லாத வேறு ஃப்ளைவீல் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் லேத்தில் ஒரு படி வெட்டி, அந்தப் படிக்குள் இறுக்கமாக உட்காருகிற மாதிரி எஃகு வளையம் கடைய வேண்டும். வளையத்தை நடுவில் பிடித்து வைப்பது அந்தப் படியாக இருக்க வேண்டும், போல்ட் அல்ல. போல்ட் வெறுமனே சாய்ந்து விழாமல் பிடிக்கத்தான், அதுவும் 10.9 தரம் என்று தலையில் குத்தியிருக்கிற போல்ட், வெள்ளையடித்த கடை போல்ட் வேண்டாம். கிளட்ச் பிளேட் உரசும் முகத்துக்கு மிக அருகில் ஓட்டை போட்டுவிடக் கூடாது. பின் தகட்டிலும் ஸ்டார்ட்டர் பல்லிலும் இடிக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்துச் சுற்றிப் பாருங்கள், நாங்கள் அப்படித்தான் பார்த்தோம், ஒரு இடத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் இருந்தது, மறுபடி கடைந்தோம். எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக பேலன்ஸிங் மிஷினில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை, மதுரைக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கிராங்கில் மாட்டும் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், கை அளவு என்ற பேச்சே வேண்டாம்.

இன்னொன்றும் பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டும். கிளட்ச் மாற்றும்போதெல்லாம் ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் கடைவது வழக்கம். பழைய வண்டியில் அப்படி நாலைந்து தடவை கடைந்து கடைந்து எடையும் போயிருக்கும், தடிமனும் போயிருக்கும். மெலிந்த ஃப்ளைவீலில் வளையம் சேர்ப்பது கூரை செல்லரித்த வீட்டில் மாடி எடுப்பது மாதிரி. கம்பெனி எடைக்கே புதிது ஒன்றை மாற்றினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எடை கூடினால் நெடுஞ்சாலையில் பிக்கப் போய்விடும் என்று பலரும் பயப்படுகிறார்கள், அது அவ்வளவு இல்லை. நாலாவது கியரில் அந்த 4 கிலோ வளையம் வண்டியில் 11 கிலோ கூடுதலாக ஏற்றின மாதிரிதான், ஒரு அரிசிச் சிப்பம்கூட இல்லை. தெரிவது கியர் மாற்றும்போதுதான். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சுற்று சட்டென்று இறங்காது, ஒரு மூச்சு பொறுத்துத்தான் இரண்டாவது போட வேண்டும், பொறுக்காவிட்டால் வண்டி குதிக்கும். லோவில் முதல் கியரில் கதை வேறு. மொத்தப் பல் விகிதம் (சக்கரம் ஒரு தடவை சுற்ற இன்ஜின் சுற்றும் சுற்று) கிட்டத்தட்ட 30க்கு மேல் இருப்பதால், அதே 4 கிலோ அங்கே ஏறக்குறைய 400 கிலோ மாதிரி நடந்துகொள்ளும். கல்லில் சக்கரம் திடீரென்று சிக்கிக்கொண்டால் அந்தப் பாரம் முழுவதும் ஆக்ஸிலிலும் ஜாயின்ட்டிலும் போய் இறங்கும். துள்ளவிட்டு ஓட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து எடை கூட்டாதீர்கள், ஆக்ஸில் ஒடியும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐடில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் சுற்று) சரியாக இருக்கிறதா, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) சரியா, கார்புரேட்டர் அடியில் காற்று ஒழுகுகிறதா என்று பாருங்கள். என் வண்டியில் மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரம் காற்று இழுத்துக்கொண்டிருந்தது இரண்டாம் தடவை கழற்றியபோதுதான் தெரிந்தது. அதை முதலிலேயே பார்த்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்க மாட்டேனோ என்று இப்போதும் நினைப்பதுண்டு. அக்கா மகனின் வண்டியோ எம்.பி.எஃப்.ஐ., சுற்று விழும்போது தானாகவே காற்றைத் திறந்துவிட்டு ஐடிலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. அவன் ஒரு முறை அந்த வால்வைக் கழற்றிக் கரியைத் துடைத்துப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரூபிகான் பாதை மாதிரி வெறும் பாறை மேல் நடை வேகத்தில் ஓட்டுபவர்கள் கனமான எஃகு ஃப்ளைவீல் போடுவது உண்மைதான், அங்கே அதற்கென்றே செய்து விற்கிறார்கள். ஆனால் அவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. கியர் பாக்ஸிலிருந்து முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும், ஹை, லோ மாற்றும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸில் பல்லையே மாற்றுகிறார்கள். நம் ஜிப்ஸியின் அண்ணன் தம்பி வண்டியான சுசுகி சாமுராயில் கம்பெனி லோ 2.268க்கு 1, அவர்கள் அதை 4.16க்கு 1 என்று மாற்றிக்கொள்கிறார்கள். அதே 900 சுற்றில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும், சக்கரத்துக்குப் போகும் முறுக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும். இழுவை நிஜமாகவே கூடுவது அங்கேதான். செலவு அதிகம், ஆனால் 'இழுவை' என்று எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் குறிப்பில் இருந்த வெல்டிங் யோசனையைத் திருத்தி, அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், அதே இடத்தில் போடுங்கள். 1952இலிருந்து பொறியியல் கல்லூரி இருக்கிற ஊர் காரைக்குடி, அங்கே மெக்கானிக்கல் துறையில் ஒருவரைக் கேட்டு வார்ப்பு இரும்பில் வெல்டிங் வைப்பதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை வாங்கிப் போட்டால் எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் உபயோகமாக இருக்கும். விரிசல் விட்ட ஃப்ளைவீலை நான் எடைக்குப் போடவில்லை, வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன், உங்கள் நிருபர் வந்தால் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் கொண்டு அந்தக் கோட்டைக் காட்டுகிறேன், படம் எடுத்துக்கொள்ளட்டும்.

அக்கா மகன் தன் ஃப்ளைவீலை வருகிற திங்கட்கிழமை பட்டறையில் கொடுப்பதாக இருக்கிறான். அதற்கு முந்தின ஞாயிறு இதழிலேயே இந்தத் திருத்தம் வந்துவிட்டால் நல்லது. நான் சொன்னால் கேட்க மாட்டான், பேப்பரில் வந்தால் கேட்பான்.

இப்படிக்கு,
பழைய ஜிப்ஸி வைத்திருக்கும் வாசகர்,
பள்ளத்தூர்.